எலுமிச்சம்பழம் வேலை பார்த்த ஆபீஸ்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்துவிட்டார்களாம். சர்வரையும் அதன் அலமாரியையும் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். இனிமேல் கணக்கெல்லாம் எங்கோ வெளியூரில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்குமாம். அந்த அறையில் இப்போது துடைப்பமும் பினாயிலும் வைத்திருக்கிறார்கள் என்று சரளா போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் வேலையில் இருந்தபோது பினாயில் கேன் வைக்க ஒரு மூலை கேட்டு எத்தனை நடை நடந்திருப்பேன். கடைசிவரை கக்கூஸ் ஜன்னல்தான் கிடைத்தது. என் துடைப்பத்துக்கு இப்போது ஏசி போட்டிருந்த அறை.

சரளா ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். ஆண்டு மலர் போடப் போகிறார்களாம், ரிடையர் ஆனவர்கள் அந்த அறையைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டுமாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நான் பேசுவதையெல்லாம் புத்தகத் தமிழாக மாற்றிவிடுகிறாள். நான் பேசற மாதிரியே எழுதேன் என்றால், "அச்சுல வந்தா நாலு பேரு படிப்பாங்க அத்த" என்கிறாள். நாலு பேர் படிக்கவேண்டும் என்றுதானே சொல்கிறேன். சரி, பேனா அவள் கையில் இருக்கிறது. மாமியாராக இருந்து என்ன பயன்.

என் பெயர் லூர்து மேரி. வீடு திண்டிவனத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால். வேலை விழுப்புரத்தில், எங்கள் கூடத்தின் தலைமை ஆபீஸில். கூட்டுவது, துடைப்பது, டீ வாங்கி வருவது, யாராவது மயக்கம் போட்டு விழுந்தால் தண்ணீர் தெளிப்பது. இதற்கெல்லாம் பயிற்சி என்று ஒரு வாரம் வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மா, எந்தக் குப்பைத் தொட்டியில் ஊசி இருக்கும் என்று காட்டிக் கொடுத்தார். மிச்சத்தைக் குத்திக்கொண்டே கற்றுக்கொண்டேன். அதைத் தவிர தினமும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிற வித்தை. அதில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை என் பை என்று நினைத்து வேறு ஒருவர் இடம் பிடிக்க வைத்திருந்த கோழிக்கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, அதில் வந்த சண்டை முண்டியம்பாக்கம் வரைக்கும் போனது. அதை எழுதாதே என்றேன், எழுதுகிறாள்.

எங்கள் மேனேஜர் வேணுகோபால் சாரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவர் யாரையும் அதட்டியதே கிடையாது. மெல்லிய குரல். யார் தப்பு செய்தாலும் "நாம" என்றுதான் சொல்வார். "நாம லேட்டா வந்துட்டோம்" என்றால் நான் லேட்டாக வந்தேன் என்று அர்த்தம். "நாம சரியா பெருக்கல" என்றால் அவர் என்னவோ ஒரு பக்கம் பெருக்கிய மாதிரி இருக்கும். ரப்பர் செருப்பு போட்டிருப்பார், சத்தமே வராது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தார் என்றால் யாருக்கோ வேலை போகப்போகிறது. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு யாரைப் பார்க்கிறாரோ அவருக்கு.

எதற்கும் அவரிடம் ஒரே மருந்து, சுற்றறிக்கை. டீ கப்பைக் கழுவி வைக்கவேண்டும் என்பதற்கு ஒன்று. கழுவிய கப்பைக் கவிழ்த்து வைக்கவேண்டும் என்பதற்கு இன்னொன்று. நடு ஹாலில் நின்று தானே வாசிப்பார், எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். இந்த ஆபீஸில் வேலை செய்ததால்தான் என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்தது.

அவர் கொண்டுவந்ததுதான் பச்சைப் புள்ளி. ஹாலில் பெரிய டிவி ஒன்று மாட்டினார். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. கீபோர்டில் கை வைத்து வேலை செய்துகொண்டிருந்தால் பச்சை. கால் மணி நேரம் தொடாமல் இருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்ததும் அவர் கேபினிலிருந்து அந்த மேஜைக்குப் போன் வரும். "நாம சீட்ல இல்லையா?" என்று மெதுவாகக் கேட்பார். எல்லாப் பெயருக்கும் மேலே அவர் பெயர், கொஞ்சம் பெரிய புள்ளியோடு. முன்மாதிரியாக இருக்கவேண்டுமாம்.

முதல் வாரம் யாரும் டீக்கே போகவில்லை. என் டீ வாளி அப்படியே திரும்பிப் போனது. இரண்டாவது வாரம் சரளா ஓர் எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாள். கீபோர்டில் அடியில் நீளமாக ஒரு கட்டை இருக்கிறதே, அதன்மேல் வைத்தாள். பழம் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தது. புள்ளி பச்சையாகவே இருந்தது. சரளா டீக்குப் போய், பக்கத்துத் துணிக்கடையில் புடவை பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தாள்.

அப்புறம் என்ன. பில்லிங் தண்டபாணி அரைப்படி மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, துணியில் முடிந்து வைத்தார். வேலையும் ஆகும், சாயங்காலம் கொறிக்கவும் ஆகும். எங்கள் கோயில்காரர் ஒருவர் அந்தோணியார் சிலையையே உட்காரவைத்தார். புனிதரைப் போய் இந்த வேலைக்கு வைக்கலாமா என்று கேட்டேன். "காணாமப் போறதக் கண்டுபிடிச்சிக் குடுக்கறவரு தானே, என்னக் காணோம்னு யாரும் தேடாம பாத்துக்கட்டும்" என்றார். பிறகு வீட்டுக்குப் போகும்போதும் எடுக்காமல் விட்டார்கள். காலையில் மேனேஜர் வந்து டிவியைப் பார்த்தால் அவருக்கு முன்னால் எல்லோரும் வேலையை ஆரம்பித்திருப்பார்கள். லாகின் செய்யக் காத்திருக்கவும் வேண்டாம். ராத்திரி முழுக்க ஆபீஸைப் பூட்டிவிட்டு நாங்கள் வீட்டில் தூங்க, பழமும் மல்லாட்டையும் புனிதரும் வேலை பார்த்தார்கள். அந்த வருஷம் சிறந்த ஊழியர் பரிசு தண்டபாணிக்குக் கிடைத்தது. தீபாவளி அன்றுகூட அவர் புள்ளி பச்சையாக இருந்ததாம். பரிசு கொடுக்கும்போது மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்டபாணிக்கும் கலங்கியது, அது வேறு காரணம்.

மேஜை துடைக்கும்போது அந்தப் பொருளை எடுத்து, துடைத்து, அதே கட்டைமேல் அதே பக்கமாக வைக்கவேண்டும். தள்ளி வைத்தால் உருண்டுவிடும். சரளாவின் பழம் வாடினால் புதுசு மாற்றுவதும் என் பொறுப்பு. இதற்கு மட்டும்தான் சுற்றறிக்கை கிடையாது.

இதே சமயத்தில்தான் திண்டிவனத்தில் தகராறு ஆரம்பித்தது. எங்கள் கிளை அங்கே, என் தெருமுனையில். விடிகாலையில் சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு ஜனங்கள் வந்து நிற்பார்கள். பெயர் பதிந்தால்தான் ரத்தம் எடுக்கலாம். பதிகிற பெண் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் ஹேங்கு, இருங்க" என்பாள். நான் பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்துக்கொண்டே போவேன். ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊசி குத்தி மயக்கம் வந்தா நாயம் இருக்குது. எனுக்கு இட்லி வாசனைக்கே வருதே" என்றார். எதிரில் இட்லிக் கடை. பாவம், கடைக்காரர் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வரிசையே அந்தப் பக்கம் திரும்பும். ஒரு பாட்டி சாப்பிடாமல் சாப்பிடாமல் கடைசியில் விழுந்து, நெற்றியில் அடி. அன்றைக்குத்தான் விஷயம் பெரிதானது.

விழுப்புரத்தில் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் ஷமீம். கோட்டக்குப்பத்துப் பெண். அண்ணன் துபாயில், அவர் குடும்பமும் அங்கேயே. வீட்டில் இவளும் கால் நடக்க முடியாத அம்மாவும். தினமும் பாண்டிச்சேரி வழியாக இரண்டு பஸ் மாறி வந்து போவாள். வேலை நிரந்தரம் இல்லை, வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கவேண்டும். இது போனால் சென்னைக்குத்தான் போகவேண்டும். அம்மாவை யாரிடம் விடுவது. அவள் கவலை அவ்வளவுதான், அது போதாதா.

அவள் எனக்கு விளக்கியது இது. டேட்டாபேஸ் சர்வரில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று ஒரு கணக்கு உண்டு, பஸ் சீட் மாதிரி. ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டரைவிட சீட் குறைவாகவே வாங்கியிருந்தார் மேனேஜர். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரப்போவதில்லையே என்று. சீட்டெல்லாம் நிரம்பிவிட்டால் திண்டிவனம் உள்ளே வரமுடியாது. அதனால் கால் மணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறவரை சர்வரே வெளியே தள்ளவேண்டும். அதற்குப் பெயர் டைம்அவுட்.

மேனேஜர் அதற்கும் சுற்றறிக்கை வாசித்தார். ஷமீமும் சர்வரில் போட்டாள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. வேறு இடத்தில் போட்டுப் பார்த்தாள். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். கிளப்பின உடனே விழுப்புரத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தானாக ஓடிவந்து இடம் பிடித்துக்கொண்டன. திண்டிவனம் வந்து பார்த்தால் நிற்கக்கூட இடமில்லை. சர்வர் விற்ற கம்பெனிக்காரர் வந்தார், டீ குடித்தார், நெட்வொர்க் கோளாறு என்றார். நெட்வொர்க்குக்காரர் வந்தார், அவரும் டீ குடித்தார், சர்வர் கோளாறு என்றார். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரியில்லை என்று சுவரைத் தோண்டினார். கடைசியில் மேனேஜர் திருஷ்டி கழிக்க ஒரு பூசணிக்காயை அந்த அறை வாசலில் உடைக்கச் சொன்னார். குங்குமத் தண்ணீர் வாசற்படியில் ஊறி, அதைத் தேய்த்து எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. டைம்அவுட் வேலை செய்யவில்லை. என் இடுப்பும் வேலை செய்யவில்லை என்று வீட்டில் வந்து படுத்தேன்.

மேனேஜர் ஷமீமைக் கூப்பிட்டார். நான் கேபினில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"பெரிய டாக்டரம்மா அடுத்த வாரம் வர்றாங்க. நம்மால முடியலன்னு நாம ஒத்துக்கறதுல தப்பில்ல ஷமீம். சென்னையில ஒரு நல்ல கம்பெனி இருக்கு. என் சகல தான் நடத்தறாரு."

பெரிய டாக்டரம்மா என்றால் எங்கள் முதலாளி. ஷமீம் வெளியே வந்தாள். அன்றைக்கு டப்பாவைத் திறக்கவே இல்லை. மீன் குழம்பு. வாசனையிலேயே தெரிந்தது. எனக்குக் கொடுத்துவிட்டாள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் குழம்பு நன்றாக இருந்தது.

அவள் எப்போதும் சர்வர் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள், குளுகுளுவென்று இருக்கும் என்று. வந்து சேர்ந்ததிலிருந்து மத்தியான ஹாலை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த அறை ஏசி நின்றுபோனது. டப்பாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஹாலில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் டீக்கடையில். டிவியில் அத்தனை பெயருக்கும் பச்சை. நான் சரளாவின் மேஜையில் பழத்தை எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தேன்.

"மேரிம்மா, இன்னா அது?"

"எலுமிச்சம்பழம் பாப்பா. நேத்து தான் மாத்தினேன், வாடல."

"அது ஏன் கீபோர்டு மேல இருக்குது?"

"சரளா டீக்குப் போயிருக்குது இல்ல."

அவள் ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பார்த்தாள். மல்லாட்டை மூட்டை முன்னால் கொஞ்சம் நின்றாள். அந்தோணியார் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வந்து சரளாவின் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மற்ற மேஜையெல்லாம் துடைத்து முடித்தேன். சரளாவின் புள்ளி சிவப்பானது. ஷமீம் சர்வர் அறைக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்து சரளாவின் மேஜையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"நாம சீட்ல இல்லையா?"

"இருக்காங்க சார். பேனா கீழ உருண்டுடுச்சி, குனிஞ்சி தேடிக்கினு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பழத்துக்குப் பதில் என் கட்டைவிரலை அந்தக் கட்டைமேல் வைத்தேன்.

ஷமீம் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாண வீட்டில் காணாமல் போன நகை அகப்பட்ட மாதிரி.

"சர்வர் மேல தப்பே இல்ல மேரிம்மா. கால் மணி நேரம் பேசாதவங்களத் தள்ளுன்னு சொன்னோம். இங்க எவனும் பேச்ச நிறுத்தவே இல்லியே. அந்தப் பச்சப் புள்ளி இருக்குதே, கட்ட அமுங்க அமுங்க, நான் இருக்கேன் நான் இருக்கேன்னு சர்வர் கிட்டப் போயி சொல்லிக்கினே இருக்குது. அது எப்படித் தள்ளும்?"

சிரித்துக்கொண்டே சொன்னவள் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். இதை எழுதிக் கொடுத்தால் அவள் வேலை நிலைக்கும். ஆனால் ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும் மேனேஜர் கண்ணாடி துடைப்பார். எழுதாவிட்டால் சகலை வருவார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லோரிடமும் அவளே சொன்னாள். திண்டிவனத்தில் பாட்டி விழுந்ததற்கு அவரவர் மேஜைமேல் இருந்த பொருள்தான் காரணம் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் ஆளாளுக்கு டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். தண்டபாணிதான் முதலில் கேட்டார்.

"எழுதப் போறியாம்மா?"

"எழுதல சார். பெரிய டாக்டரம்மா வர்ற அன்னிக்கி மட்டும் எடுத்துடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எடுத்தா செவப்பாயிடுமே."

"ஆவட்டும். அதுக்குத் தான் எடுக்கச் சொல்றேன்."

தண்டபாணி பரிசு வாங்கின மனுஷர், அவருக்குத்தான் ரொம்பத் தயக்கம். சரளா அவரை ஒரு பார்வை பார்த்து, "அந்தக் கெழவி உங்க அம்மாவா இருந்தா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

டாக்டரம்மா வந்தார். வயசானவர், கைத்தடியோடு. மேனேஜர் எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னார். நாம் எவ்வளவோ முயற்சி செய்தோம், நம்மால் முடியவில்லை, நாம் சென்னைக் கம்பெனியிடம் விடலாம். டாக்டரம்மா ஷமீமைப் பார்த்தார். ஷமீம், டைம்அவுட் வேலை செய்கிறது, எல்லோரும் கீபோர்டை விட்டு எழுந்து வந்தால் காட்டுகிறேன் என்றாள். மேனேஜர் சிரித்தார். தாராளமாகக் காட்டட்டும், என்றைக்கும் வேலை செய்யாதது இன்றைக்கா செய்யப்போகிறது என்று நினைத்திருப்பார். எல்லோரும் எழுந்து வாருங்கள் என்று அவரே சொன்னார்.

டிவிக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். டாக்டரம்மாவுக்கு மட்டும் நாற்காலி. கால் மணி நேரம் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. ஷமீம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், துப்பட்டா நுனி கயிறு மாதிரி முறுகிப்போயிருந்தது. நான் மனசுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பாதியில் எண்ணிக்கை விட்டு மறுபடி ஆரம்பித்தேன். முதலில் சரளா சிவப்பு. அப்புறம் தண்டபாணி. அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக, சட்டியில் மிளகாய் போட்ட மாதிரி. திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. ஷமீம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஜல்தியா உள்ள போயிடுச்சிக்கா. யாரு எந்திரிச்சாங்க?"

ஷமீம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் பார்த்தோம். எல்லாம் சிவப்பு. உச்சியில் ஒரே ஒரு பெரிய பச்சை.

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினார். "வேணு, நீங்க இங்க நிக்கறீங்க. அங்க யாரு வேல பாக்கறது?"

எல்லோரும் எழுந்து வாருங்கள் என்று சொன்னவருக்கு அந்த எல்லோரில் தானும் உண்டு என்று தோன்றவில்லை. அவர் போட்ட எந்தச் சுற்றறிக்கையிலும் அவர் இருந்ததில்லை, பாவம், பழக்கமில்லை. அவர் முகம் வெளுத்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "மேரி, போயி யாருன்னு பாத்துட்டு வா" என்றார்.

போனேன். கேபினில் நாற்காலி காலி. கீபோர்டின் மேல் அவருடைய எவர்சில்வர் டப்பா உட்கார்ந்திருந்தது. வாசலில் இருந்தே பெருங்காய வாசனை வந்தது. அவரும் தினமும் மத்தியானம் ஒரு தூக்கம் போடுவார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்கும் டாக்டரம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே பச்சைப் புள்ளி டிவி பாண்டிச்சேரியில் டாக்டரம்மா வீட்டிலும் இருக்கிறதாம்.

வெளியே வந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், முதல்முறையாக, "நாம" என்பது நிஜமாகவே இருந்தது. எனக்கே இரக்கமாகிவிட்டது. ஆனால் கேட்டவர் முதலாளி. பக்கத்தில் ஷமீம் நிற்கிறாள்.

"யாரும் இல்லம்மா. சாரோட தயிர்சாதம் தான் இருக்குது."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். கைத்தடி கீழே விழுந்தது. தண்ணீர் தெளிக்கவேண்டி வருமோ என்று நான் செம்பைத் தேடினேன். சிரித்து ஓய்ந்ததும் மூன்று விஷயம் சொன்னார். புள்ளியை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணை நிரந்தரம் செய்யுங்கள். எனக்கு ஒரு டீ.

மேனேஜர் வேலை போகவில்லை. அப்படியெல்லாம் போகாது. மறுநாள் நடு ஹாலில் நின்று, நிர்வாகம் ஆழ்ந்து ஆராய்ந்ததில் பச்சைப் புள்ளி தேவையில்லை என்று நாம் முடிவு செய்திருக்கிறோம் என்று வாசித்தார். கையெழுத்துப் போட்டோம். நான் அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

அந்த வாரம் ஒருநாள் ஷமீம் டீக்கடைக்கு வந்தாள். நிரந்தர உத்தரவு கைக்கு வந்த நாள். எல்லோருக்கும் மசால் வடை அவள் செலவு. புள்ளி இல்லை, போன் இல்லை, யாரும் மணி பார்க்கவில்லை. அம்மாவுக்கு மாடிப்படி இல்லாத வீடாகப் பார்க்கப்போகிறேன் என்று பேசிக்கொண்டே இருந்தாள். நிதானமாகத் திரும்பி வந்து, சர்வர் அறையில் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"மேரிம்மா, இங்க வந்து பாரு. என்னையே வெளிய தள்ளிடுச்சி."

போய்ப் பார்த்தேன். ஸ்க்ரீனில் என்னவோ எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள், பிள்ளை முதல்முறை அம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டவள் மாதிரி.